கோழிக்கடை ஆஜர்

டெய்லரம்மாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெருவே சொல்லும். பாதிதான் நிஜம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த மாடி வீட்டில் ஒற்றை மெஷினை மிதித்தே இரண்டு பெண்களைக் கரையேற்றியவள் அவள். வந்த கோபத்தையெல்லாம் காலுக்கு அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தாள். அந்த வாயைத் திறக்க வைத்தது கோர்ட்டுதான்.

கீழே குடியிருக்கும் வீட்டுக்காரர் வழக்குப் போட்டிருந்தார். மாடியில் இருந்தவள் காலி செய்துகொண்டு போய் ஒரு வருஷமாகிறதாம், வெறும் பூட்டுத்தான் தொங்குகிறதாம், அதை உடைத்து வீட்டை எடுத்துக்கொள்ள உத்தரவு வேண்டுமாம். மனசாட்சியைக் கழற்றி எந்த ஆணியில் மாட்டினாரோ, பாவி மனுஷன். அவர் தலைக்கு மேல்தான் அவள் மெஷின் நாள் தவறாமல் ஓடுகிறது. சத்தம் கேட்டதும் விட்டத்தைப் பார்த்துக் கத்துவது அவருக்குப் பல் தேய்ப்பது மாதிரி பழகிப்போன வேலை.

கோர்ட்டுக் கட்டடத்தில் மராமத்து நடந்ததால் விசாரணையெல்லாம் வீடியோவில். அவளிடம் இருந்ததோ பட்டன் போன். கோழிக்கடை வைத்திருக்கும் தம்பியிடம் நல்ல போனை இரவல் வாங்கி, இஸ்திரி போட்ட சேலை கட்டி, போனை நூல் டப்பாவில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். 'காத்திருக்கவும்' என்றது திரை. காத்திருந்தாள். சாப்பிட எழுந்திருக்கவில்லை, அவசரத்துக்கும் எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் பொறுக்காமல் கோர்ட்டு ஆபீசுக்கே போன் போட்டாள்.

"உங்க பேரை மூணு தடவை கூப்பிட்டோம்மா. நீங்க வரலை. அவருக்கே உத்தரவு ஆயிடுச்சு" என்றார் குமாஸ்தா.

"காலைலேருந்து வாசல்லயே நிக்கிறேன் சார். நீங்கதான் கதவைத் திறக்கலை."

"அப்படி யாரும் இல்லையே. கோழிக்கடைன்னு ஒண்ணு நின்னுச்சு. யாரோ வழி தவறி வந்துட்டாங்கன்னு விட்டுட்டோம்."

தம்பி தன் போனுக்கு வைத்திருந்த பேர் அது. கோர்ட்டுத் திரையில் அதுதான் தெரிந்திருக்கிறது. வீடு கையை விட்டுப் போகிற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த 'நின்னுச்சு' அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. ஆடா மாடா அவள்?

பெரிய பெண் அலைந்து ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். பூட்டை உடைக்க ஆள் வருவதற்குள் உத்தரவை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டாயிற்று. கோழிக்கடை என்று வருவது எங்கள் கட்சிக்காரர்தான் என்று ஆபீசிலும் சொல்லியாயிற்று. விசாரணைக்கு முதல் நாள் வக்கீலம்மா போனிலேயே ஒத்திகை பார்த்தாள்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கக்கா. கோபப்பட்டீங்க, கேஸ் போச்சு."

"வீடு போனா மெஷினை எங்கம்மா வைப்பேன், உங்க மடியிலயா?"

"இதைத்தான் சொல்றேன்" என்றாள் வக்கீலம்மா.

மறுநாளும் போனைச் சாய்த்துவைத்து மெஷின் முன்னாலேயே உட்கார்ந்தாள். திரையில் ஆளுக்கொரு கட்டமாக எல்லோரும் வந்தார்கள். வீட்டுக்காரர் தும்பைப்பூ மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, "மாடியில ஈ காக்கா கிடையாதுங்க ஐயா" என்று ஆரம்பித்தார்.

"பொய்யி. வாய் கூசாம பொய்யி" என்று குறுக்கே பாய்ந்தாள் டெய்லரம்மா. குமாஸ்தா அவள் மைக்கை அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் கத்தியதெல்லாம் வெறும் வாயசைப்புதான். வீட்டுக்காரரோ நிறுத்தாமல் அளந்துகொண்டிருந்தார்.

பழக்கம் விடுமா? கோபம் காலுக்கு இறங்கியது. மெஷினில் துணிகூட இல்லை. மிதித்தாள். தடதடவென்று தரையே அதிர மிதித்தாள்.

அவள் மைக்தான் அணைந்திருந்தது. அந்தச் சத்தம் கீழே இறங்கி அவர் மைக் வழியாகக் கோர்ட்டுக்குள் வந்தது. பேச்சு தடைப்பட்ட எரிச்சலில் அவர் விட்டத்தைப் பார்த்து, "ஏய், மெஷினை நிறுத்துறியா இல்லையா? நாள் பூரா இதே ரோதனை" என்று கத்தினார்.



"யாரைச் சொல்றீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

அவர் வாய் திறந்தது, மூடியது. அவருடைய மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

பழைய உத்தரவை அங்கேயே ரத்து செய்த நீதிபதி, மைக்கைத் திறக்கச் சொல்லி அவளிடம், "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

வேண்டாம் என்று வக்கீலம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். டெய்லரம்மா மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"என் கேஸை அவரே சொல்லிட்டாருங்க ஐயா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அன்னிக்கு வாசல்ல கோழிக்கடை நின்னுச்சுன்னு உங்க ஆபீஸ்ல சொன்னாங்க. நின்னது நான். நின்னாங்கன்னு எழுதச் சொல்லுங்க."