மூன்றாவது ரப்பர் துண்டு

செம்பரம்பாக்கம் ஏரியில் நான் மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தபோது தண்ணீர் என் இடுப்பளவு இருந்தது.

அந்தத் தகவலை எனக்குச் சொன்னவர் படகோட்டி. "காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று நான் கை கால்களை அடித்துக்கொண்டிருக்க, அவர் படகின் விளிம்பில் முழங்கையை ஊன்றியபடி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு சொன்னார்: "அண்ணாத்தே, ஒரு தபா எய்ந்து நில்லு. தண்ணி இடுப்புக்குத்தான் கீது."

எழுந்து நின்றேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன இரும்புப் பட்டறைக்கு நான் சூப்பர்வைசர். இரண்டு லேத்து, ஒரு வெல்டிங் செட்டு, நான்கு ஆட்கள், அவர்களுக்கு மேலே நான். ஏரியைச் சுற்றிப் பார்க்க ஓர் அரசு இலாகாவுக்குப் படகு தேவைப்பட்டது. ஃபைபர் உடம்பு வேறெங்கிருந்தோ வந்தது. அதன் வயிற்றுக்குள் டீசல் எஞ்சினைப் பொருத்தித் தருவது எங்கள் வேலை. பட்டறையில் யாருக்கும் படகைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால் தைரியத்துக்குக் குறைவே இல்லை.

லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பெங்களூர் போகும் ரோட்டில், குமணன்சாவடி நெரிசலில் நின்றபோது ஒருவர் அண்ணாந்து பார்த்து, "இன்னா நைனா, பெங்களூர்ல கடல் வந்துடுச்சா?" என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை நான் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஏரியில் இறக்கி ஓட்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது, தாண்டியது. எஞ்சின் மூடியிலிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது. படகோட்டி எஞ்சினை அணைத்தார். நான் "வெடிக்கப்போவுது!" என்று கத்திக்கொண்டு குதித்தேன்.

"இன்னா வெடிக்கப்போவுது? உலை பொங்குற மாரி பொங்குது. ஆறினா அடங்கிடும்" என்றார். பிறகு மூங்கில் கழியால் தள்ளிப் படகைக் கரை சேர்த்தார். நான் கூடவே நடந்து வந்தேன்.

ரோட்டோரக் கடையிலிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை காலை இலாகா அதிகாரிகள் படகைப் பார்க்க வருகிறார்கள். முதலாளி நிதானமாகத்தான் பேசினார். "அன்னைக்குப் படகு ஓடலேன்னா, செவ்வாய்க்கிழமை நீ கேட்டைத் தாண்டி உள்ளே வராதே. என்னய்யா ஆச்சு?"

எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். மாமனாரிடம் 'சூப்பர்வைசர்' என்ற ஒரே சொல்லைக் காட்டித்தான் பெண் வாங்கியிருந்தேன். என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது: "படகோட்டி பாசிக்குள்ள விட்டுட்டான் சார்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கடைக்கு வெளியே படகோட்டி இரண்டு கைகளிலும் டீ கிளாசோடு நின்றிருந்தார். ஒன்று எனக்கு. அந்தப் படகை ஓட்டும் வேலையை அவருக்கே தருவதாக இலாகாவில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஈரப் பேண்டோடு அந்த டீயைக் குடித்தேன். சர்க்கரை தூக்கலாகப் போட்டு வாங்கியிருந்தார்.

அன்று சாயங்காலமே ஆவடிக்கு ஓடினேன். அங்கே குவார்ட்டர்சில் என் நண்பன் இருந்தான். இருவரும் ஒன்றாக அப்ரண்டிஸ் பழகியவர்கள். அவனை ராணுவ டாங்கித் தொழிற்சாலைக்குள் ஃபிட்டராக எடுத்துக்கொண்டார்கள், என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். தூத்துக்குடிக்காரன். அவன் மனைவியும் அந்த ஊர்தான். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நான் அவரை மதினி என்பேன். மதினியின் அப்பாவும் இரண்டு அண்ணன்களும் கடலில் விசைப்படகு ஓட்டுகிறவர்கள். இந்த விவரம் எனக்கு முன்பே தெரியும். அது எனக்கு உதவும் என்பதுதான் தெரியாது.

நான் நண்பனிடம் கதையைச் சொன்னேன். குதித்ததைச் சொல்லாமல் விட்டேன், பாசியைச் சேர்த்துக்கொண்டேன்.

"வே, டாங்கி எஞ்சினையே பிரிச்சு மாட்டுதவன் நான். இது ஒரு எஞ்சினா?" என்றான்.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மதினி நிமிராமலே கேட்டார்: "ஒங்க டாங்கி தண்ணியில மெதக்குமா?"

 அவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, எஞ்சின் ஓடுறப்ப பின்னால பொகைக்குழாய்ல தண்ணி துப்புச்சா?"

"பார்க்கலை மதினி."

"ஏன், குதிச்சுட்டியளா?"

பேண்ட் காயவில்லை என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

பிறகு அவர் விளக்கினார். காரில் இருப்பது போல எஞ்சினுக்குள் சுற்றுகிற தண்ணீர் ஒன்று. அதைக் குளிர வைக்க ஏரியிலிருந்து உறிஞ்சுகிற தண்ணீர் இன்னொன்று. உறிஞ்சியது தன் வேலையை முடித்துவிட்டுப் புகையோடு சேர்ந்து பின்னால் வெளியே போய்விடும். "வெளித்தண்ணி வரலேன்னா உள்தண்ணி கொதிக்கத்தான் செய்யும். நாளைக்கு மாதா கோயில்ல முதல் பூசை முடிஞ்சதும் வாறோம்" என்றார். எஞ்சினோடு வந்து, எங்கள் பட்டறையில் மூன்று மாதமாக யாருக்கும் புரியாத படத்தாளை, கல் பொறுக்கிக்கொண்டே மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பூந்தமல்லியில் பஸ் மாறி, அடுக்குச் சாப்பாட்டோடு வந்து இறங்கினார்கள். மதினி கோயில் சேலையோடு கரைச் சரிவில் ஒரு கல்மேல் உட்கார்ந்துகொண்டார். நண்பன் படகுக்குள் இறங்கினான். பெல்ட் சரி, ஆயில் சரி. படகோட்டி கரையில் கட்டியபடியே ஸ்டார்ட் செய்தார். புகைக்குழாயைப் பார்த்தோம்.

"இதுக்குப் பேரு துப்புறதா? எச்சி வடியுது" என்றார் மதினி.

உறிஞ்சுகிற குழாயின் வடிகட்டியைத் திறந்தான் நண்பன். உள்ளே ஒரு பிடி பாசி! நான் துள்ளினேன். என் பொய் உண்மையாகிவிட்டதே! "பார்த்தீங்களா! பாசிதான்! நான் அப்பவே சொன்னேன்!" சாப்பாட்டு அடுக்கைக்கூடத் திறந்துவிட்டேன்.

பாசியை எடுத்துவிட்டு ஓட்டினோம். எச்சில்தான் வடிந்தது. அடுக்கை மூடினேன்.

"அடுத்தாப்ல பம்பு" என்றார் மதினி கரையிலிருந்து. நான்கு திருகைக் கழற்றி மூடியை எடுத்தான் நண்பன். உள்ளே கறுப்பு ரப்பரில் ஒரு பூ. ஆறு இதழ் இருக்க வேண்டும், அது சுற்றித்தான் தண்ணீரை இழுக்க வேண்டும். மூன்று இதழ்தான் இருந்தது. அதே போல ஒரு ரப்பர் பூ எஞ்சினோடு வந்த சின்ன டப்பாவில் கிடந்தது நினைவு வந்தது. ஏதோ குளியலறைச் சாமான் தவறி வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். புதுப் பூவை மாட்டி ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் முழங்கை கனத்துக்குப் பீய்ச்சியடித்தது. படகோட்டி விசிலடித்தார். நான் மதினியைப் பார்த்துக் கும்பிட்டேன்.

அவர் எழுந்து சரிவில் இறங்கி வந்தார். "அந்த மூணு இதழும் எங்க?"

"அது எதுக்கு மதினி? அதுதான் அடிக்குதே."

"சோத்துல மூணு கல்லு விழுந்தது தெரியும். தெரிஞ்சும் கண்ணை மூடிட்டுத் திங்கியளா? அது உள்ளதான் கெடக்கும். இன்னைக்கு ஓரமா கெடக்கும், நாளைக்கு வாயை அடைக்கும். எங்க சின்னண்ணன் ஒரு துண்டை விட்டுட்டுக் கடலுக்குப் போயி, ரெண்டு நாள் கழிச்சு வேற போட்டுல கட்டி இழுத்துட்டு வந்தாவ. எங்கம்மை அந்த ரெண்டு நாளும் அடுப்பு மூட்டல."

 நண்பன் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி உதறினான். வளைவில் ஒரு துண்டு. அடுத்த வளைவில் இன்னொன்று. மதினி ஒரு தட்டை நீட்டி வாங்கிக்கொண்டார். உடைந்த பூவோடு பொருத்திப் பார்த்தார். இரண்டு இதழ் சரியாக உட்கார்ந்தது. "இன்னும் ஒண்ணு."

மணி மூன்றாகிவிட்டது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.  மழை வரும், திருகு தொலையும், எஞ்சினை மறுபடி மாட்ட முடியாது, மாமனார் பட்டாபிராமில் எங்கள் வீட்டுக்கே வந்து பெண்ணைக் கூட்டிப்போவார் என்று வரிசையாகப் புலம்பினேன். நண்பனே சலித்துப்போய், "வெளிய போயிருக்கும்டி" என்றான். மதினி அசையவில்லை. "போன வழியைக் காட்டுங்க, நம்புதேன்" என்றார். ஏரித் தண்ணீர் போய் உள்தண்ணீரைக் குளிர வைக்கிற உருளை ஒன்றின் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தான். உள்ளே தேனடை போலச் சின்னச் சின்னக் குழாய்கள். அவற்றின் வாயை அடைத்தபடி, அட்டை மாதிரி ஒட்டிக் கிடந்தது மூன்றாவது துண்டு.

என் வாழ்க்கையில் நான் பார்த்த பெரிய தேர்ச்சி அதுதான். கை கறைபடாமல், கோயில் சேலை கசங்காமல், 'போதும்' என்று இரண்டு ஆண்கள் சொன்ன பிறகும், போதாது என்று தெரிந்து உட்கார்ந்திருந்தது.

அவர் அந்தத் துண்டை விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "கருகிருக்கு. இது தண்ணியில செத்தது இல்ல தம்பி. தாகத்துல செத்தது. ஏரியைப் பாக்குறதுக்கு முந்தியே யாரோ தண்ணி இல்லாம ஓட்டிருக்காவ."

பிறகு எஞ்சின் நெற்றியைப் பார்த்தார். பத்து நாளைக்கு முன் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் அப்படியே இருந்தன. என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டிலிருந்து ஆயுத பூஜைப் பொரி வருஷா வருஷம் அவர்கள் குவார்ட்டர்சுக்குப் போகும். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

பட்டறையில் அந்த எஞ்சினை ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர் வைத்துக் குழாயை அதில் போடுவோம். பூஜையன்று அந்த டிரம்மும் ஆயுதம்தானே என்று கழுவிக் கவிழ்த்து, அதற்கும் பொட்டு வைத்துவிட்டேன். பூஜை முடிந்து எல்லா மிஷினையும் ஒரு தடவை ஓட்டிக் காட்டினோம். இதை மட்டும் ஐந்து நிமிடம் முறுக்கி உறும விட்டேன். ரப்பர் வாசனை வந்தது. சாம்பிராணி என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மதினி மூன்று துண்டையும் என் கைக்குட்டையில் முடிந்து கொடுத்தார். "தூரப் போட்டுராதீய. கேக்குறவங்களுக்குக் காட்டணும்லா."

திங்கட்கிழமை காலை முதலாளி, அதிகாரிகளுக்கு முன்பே வந்துவிட்டார். வந்ததும் படகோட்டியிடம் பாய்ந்தார். "இன்னைக்காவது பாசியில விடாம ஓட்டுவியா? இல்ல, வேற ஆளைக் கேட்கவா?"

"பாசியா? இன்னா பாசி சார்?" என்று அவர் என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, நிஜமாகவே புரியாத பார்வை. நான் மறுபடி இடுப்பளவு தண்ணீரில் மூழ்கினேன்.

கைக்குட்டையை அவிழ்த்தேன். "அவர் மேல தப்பில்ல சார். பூஜையன்னைக்குத் தண்ணி வைக்காம நான் ஓட்டுனேன். அதுல கருகினது இது."

முதலாளி மூன்று துண்டையும் பார்த்தார். "எந்த மடையன்யா அன்னைக்கு உன்னை ஸ்டார்ட் பண்ணச் சொன்னது?"

"நீங்கதான் சார். நல்ல நேரம் முடியுதுன்னு எலுமிச்சம்பழம் நசுக்கினீங்க."

முதலாளி கைக்குட்டையை மறுபடி முடிந்து தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு, அதிகாரிகளின் ஜீப் சத்தம் கேட்டதும், "ஏறுய்யா படகுல" என்றார்.

முக்கால் மணி நேரம் சுற்றினோம். முள் நடுவிலேயே நின்றது. பின்னால் தண்ணீர் பீய்ச்சியடித்தது. வயதான அதிகாரி ஒருவர் அதில் கை நனைத்துப் பார்த்துத் தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை நான் கேட்டைத் தாண்டி உள்ளே போனேன்.

அதற்கு முன், திங்கட்கிழமை படகு கரைக்குத் திரும்பும்போது, படகோட்டியிடம் மெதுவாக, "மன்னிச்சிடுப்பா" என்றேன். அவர் கைப்பிடியிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"அத்த உடு. கரை வந்துட்ச்சு, இன்னிக்காவது நின்ன பொறவு எறங்கு" என்றார். "அந்தக்கா இன்னிக்கு இல்ல. நீ முய்கினா, அந்த மூணாவது துண்டு மாரி உன்ன யாரு தேடி எடுக்கறது?"