செக்கிங் நாளும் ஸ்டெல்லாவும்

ஸ்டெல்லா போய்விட்டார் என்று அவருடைய தம்பி போனில் சொன்னபோது, நான் ஒன்பதாம் வகுப்பில் விடைத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். "நெஞ்சு வலிக்குதுன்னாங்க டீச்சர். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். என் மாணவி தர்ஷினியின் விஷயத்தை இப்படிப் பாதியில் விட்டுவிட்டு ஒரு மனுஷி போகலாமா?

சக ஆசிரியர்களே, உங்களில் பலர் அவரோடு பழகியவர்கள். கும்மிடிப்பூண்டி பக்கத்து அரசுப் பள்ளிகளில் படிக்கும் இலங்கை அகதி முகாம் பிள்ளைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் அமர்த்திய சமூகப் பணியாளர். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். முகாம் பிள்ளைகளிடம் ரொம்பவும் குழைந்த ஓர் ஆசிரியரிடம், "தூக்கி வெச்சிக் கொஞ்ச வேணாம் சார். மத்த புள்ளைங்கள திட்ற மாதிரியே திட்டுங்க, அது போதும்" என்றார். அந்த ஆசிரியர் சிரித்தே விட்டார்.

நான் திட்டுகிற ரகம்தான். சில நாட்களில் முகாம் பிள்ளைகள் ஒருவர்கூட வரமாட்டார்கள். மறுநாள் வெளியே நிறுத்திவிடுவேன். ஒருநாள் ஸ்டெல்லா நேராக வகுப்பு வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா டீச்சர், நேத்து செக்கிங் நாளுன்னு தெரியாதா? ஆபீசர் முகாம்ல பேரு கூப்புடும்போது ஊட்ல இருக்கிற அத்தினி பேரும் அங்க நிக்கணும். இல்லன்னா அகதிப் பதிவ வெட்டிடுவாங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதன்பிறகு தலைமையாசிரியர் அறைக் காலண்டரில் செக்கிங் நாளை அவரே வட்டமிட்டு வைப்பார். அன்றைக்குத் தேர்வு வைத்தால் சண்டைக்கு வருவார்.

அப்படிப்பட்டவரைத் தவறு செய்யவைத்தவள் நான். தர்ஷினி பத்தாம் வகுப்பில் இருந்தபோது திருவள்ளூரில் அறிவியல் கண்காட்சி. அதே நாளில் செக்கிங். "ஏலாது மிஸ், அம்மா விடமாட்டா" என்றாள். அவள் இல்லாமல் நம் பள்ளி எதை ஜெயிக்கும் என்று ஸ்டெல்லாவை நச்சரித்தேன். அவர் முகாம் ஆபீசருக்குப் போன் செய்தார். "அனுப்புங்க, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. எதையும் எழுதி வாங்காமல் விடாதவர், என் அவசரத்தில் அன்று மட்டும் விட்டுவிட்டார். செக்கிங்குக்கு வந்தது வேறோர் ஆபீசர். மூன்று முறை பெயரைக் கூப்பிட்டார். ஆள் இல்லை என்று வெட்டிவிட்டார்.

தர்ஷினி முதல் பரிசோடு திரும்பி வந்தாள்.

"உங்கள நம்பித்தானே அக்கா விட்டனாங்கள்" என்று அவள் அம்மா அழுதபோது, ஸ்டெல்லா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "என் தப்புதாம்மா" என்றார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிறகு இரண்டு வருடம் அலைந்தார். பதிவைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மேசைக்கு மேசை மனு. "பேஜாரு புடிச்ச வேலை டீச்சர்" என்பார், அடுத்த வாரமும் போவார். தர்ஷினி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பதிவு இல்லாமல் அவளால் கல்லூரிக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் என்னிடம் வந்து, "இனி ஆர் மிஸ் போவினம்?" என்று கேட்டாள்.

ஸ்டெல்லாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மனுவின் நகலும், அதைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலையும்தான். சென்ற திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்கு முதல்முறையாகத் தனியே போனேன். கிளார்க் நிமிர்ந்து பார்த்து, "எங்க, அந்தம்மா வர்லையா?" என்றார். இறந்துவிட்டார் என்று சொன்னால், கேட்க ஆளில்லை என்று ஃபைலையே மூடிவிடுவார்களோ என்று பயம்.

"அடுத்த வாரம் அவங்களே வருவாங்க சார்" என்றேன்.