எழுதிய பக்கத்தைப் பார்க்காதவர்

"அக்கா, காலை எடுங்கோ. தயிரை மிதிக்கிறியள்."

குனிந்து பார்த்தேன். என் காலுறைக்குக் கீழே ஒரு தயிர்க் கூப்பன். விநாயகமூர்த்தி கத்தரிக்கோலைத் திறந்தபடி பிடித்துக்கொண்டு, நான் நகரும்வரை காத்திருந்தார். வியாழக்கிழமை காலையில் அவருடைய வீட்டு வரவேற்பறையில் நடப்பதற்கு வழி இராது. கடைகளின் மலிவு விற்பனை விளம்பரத் தாள்கள் கம்பளம் முழுக்க விரிந்து கிடக்கும். நடுவில் அவர், ஒரு காலை மடித்து மறு காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவர் நிலத்தில் அப்படி இருக்கக்கூடாது. முதியோரைப் பராமரிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான், சொல்லாமல் விடமாட்டேன்.

"கதிரையில இருந்தா முழுக் கடையும் ஒரு பார்வைக்குள்ள வராது அக்கா" என்பார். கால் நீட்டியபடியே இருக்கும்.

ஸ்காபுரோவில் நாங்கள் ஒரே தொடர்மாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். அவர் எனக்கு இரண்டு மாடி மேலே. பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் சாமான் அடுக்கி, பிறகு அடுக்குகிறவர்களை மேய்த்து, ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர அடுக்குவதை விடவில்லை. வெட்டிய கூப்பன்கள் ஒரு பழைய போட்டோ அல்பத்துக்குள் போகும். சோப்புக்கு ஒரு பக்கம், சீனிக்கு ஒரு பக்கம் என்ற ஒழுங்கு அதில் இல்லை. கடைக்குள் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது எது முதலில் வருமோ அதுதான் முதல் பக்கம். வாசலில் மரக்கறி, பிறகு பாண், கடைசிச் சுவரோடு பால். ஒருமுறை கடைக்காரர்கள் பாண் இருந்த இடத்தில் பூனைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவர், தேத்தண்ணியும் குடிக்காமல் அல்பம் முழுவதையும் கழற்றி மறுபடி அடுக்கினார்.

ஒவ்வொரு பக்கத்திலும் திகதி முடியப்போகும் கூப்பன் முன்னால் இருக்கும். "சாகப்போறது முன்னுக்கு" என்று விரலால் தட்டிக் காட்டுவார். நான் வேலை செய்த இடங்களில் அப்படிப் பேசினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் கட்டில்களை அந்த ஒழுங்கில்தான் நாங்களும் பார்த்தோம்.

அவருடைய மகள் கௌசி மார்க்கம் நகரில் இருக்கிறாள். "அப்பா, எல்லாம் ஃபோன்ல இருக்கு, ஜஸ்ற் ஸ்கான் பண்ணுங்கோ" என்று வரும்போதெல்லாம் சொல்வாள். அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் எங்கள் கட்டடத்தில் போனைத் தடவத் தெரியாத கிழடுகள் கனக்க. அவர்களுக்காகத்தான் இணையத்தில் வரும் கூப்பன்களை அச்செடுக்கிறார்.

அச்செடுப்பதில் அவருக்கென்று ஒரு மதமே இருக்கிறது. மை ஊற்றும் பிறின்ரரை அவர் வீட்டுக்குள் விடுவதில்லை. "பிறின்ரரைச் சும்மா மாதிரித் தருவான் அக்கா. பிறகு மையை இரத்தம் மாதிரி விப்பான்." மூடப்பட்ட ஒரு கந்தோரிலிருந்து வாங்கிய கறுப்பு லேசர் பிறின்ரர்தான் அவருடையது. நிறம் கிடையாது. "கலர் எங்கட கண்ணுக்கு. கசியருக்குத் தேவை ஸ்கான் பண்ணுற கோடு மட்டும்." படங்களை நீக்கிவிட்டு, ஒரு தாளில் எத்தனை கூப்பன் கொள்ளுமோ அத்தனையையும் நெருக்கி அடிப்பார். மைத்தூள் முடிந்துவிட்டது என்று இயந்திரம் சிவப்பு விளக்குப் போட்டால் நம்பமாட்டார். உள்ளே இருக்கும் பெட்டியை வெளியே எடுத்து, சுளகில் அரிசி கொழிப்பதுபோல் இடமும் வலமும் மெல்ல அசைத்து, திரும்பச் செருகுவார். விளக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகும் பல வாரங்கள் அது ஓடும்.

தாள் வாங்குவதும் அரிது. பிறின்ரருக்குப் பக்கத்தில் ஒரு வாழைப்பழப் பெட்டி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்களைக் கட்டடத்துச் சனம் அதற்குள் கொண்டுவந்து போடும். கோயில் அறிவித்தல், மருந்துக்கடைத் துண்டுகள், ஆங்கில வகுப்புப் பயிற்சி, வங்கிக் கடிதம். பெயரும் விலாசமும் உள்ள பகுதியை வாசலிலேயே கிழித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும், அது அவருடைய சட்டம். மிச்சத்தையும் அவர் பார்க்கமாட்டார். எழுதிய பக்கத்தைக் கீழே கவிழ்த்தபடி எடுத்து, கவிழ்த்தபடி செருகுவார். வெட்டும்போதும் திருப்புவதில்லை.

"ஏன், பாத்தால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒருநாள் பாத்தனெண்டால், பிறகு லிஃப்ற்றில அவையின்ர முகத்தைப் பாக்கேலாது அக்கா."

பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு முழு வாரம் வகுப்பு வைத்தார்கள். முதியவர்கள் கட்டிக்கொள்ளும் டயப்பருக்கான கூப்பனைக் கொடுக்கும்போதும் அவர் அதைச் சிறிதாக மடித்து, கைகுலுக்குவதுபோல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்காரர் நன்றி சொல்ல வாயெடுக்கும்போது அவர் அடுத்த கதவில் நிற்பார்.

அவருடைய மனைவி யோகமலர். அவரைச் சத்தமில்லாத பெண் என்று நினைப்பவர்கள் அவரோடு பேசிப் பார்க்காதவர்கள். "உங்கட அம்மா உங்களைக் கூப்பன் கடை லைன்ல நிண்டுதான் பெத்தவவோ?" என்று, ஊரில் பங்கீட்டு அரிசி கொடுத்த சங்கக் கடையை இழுத்து வைத்துக் கேட்பார். "ஓம், முன்னுக்கு நிண்ட ஆள் விட்டுக் குடுத்தவர்" என்பார் இவர்.

எங்கள் முதியோர் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒவ்வொரு முறையும் பாடுகிறவர்களே பாடுவார்கள், பேசுகிறவர்களே பேசுவார்கள். இந்த முறை யோகமலர் எழுந்து, தான் ஒரு நாடகம் எழுதித் தருவதாகச் சொன்னார். சொன்னதுபோல் எழுதியும் விட்டார். பகலில், கணவர் கடைக்குப் போகும் நேரங்களில், அவருக்குத் தெரியாமல் எடுத்த புதுத் தாள்களில், மை ஊறும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் எழுதினார். கணவர் கண்ணில் அது படக்கூடாது என்பதற்குக் காரணம் இருந்தது. ஒளித்துவைக்க இடம் தேடி, கடைசியில் அந்த வாழைப்பழப் பெட்டியின் அடியில் வைத்தார். எழுதிய பக்கத்தைப் பார்க்காத மனிதரின் பெட்டி. அதைவிடப் பத்திரமான இடம் வீட்டில் ஏது?

வெயர்ஹவுஸ்காரருடைய மனைவி ஒன்றை மறந்துவிட்டார். முதல் வந்த சாமான் முதலில் போக வேண்டும். பெட்டி நிறைந்தால் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கிடந்ததை மேலே எடுப்பதுதான் விநாயகமூர்த்தியின் வழக்கம்.

பெட்டி அப்படிக் கவிழ்ந்த வியாழன் பின்னேரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தேன். கீழ்மாடியிலிருந்து கிளடிஸ் யோகமலருக்குத் தொலைபேசி எடுத்தார். அவருக்குக் காது மந்தம், அதனால் கத்தித்தான் பேசுவார். எனக்கும் கேட்டது.

"மலர், என்ர பால் கூப்பனுக்குப் பின்னால ஒரு மனிசி ஏசுறா."

"என்னெண்டு?"

"'இந்த மனிசன் செத்தாலும், சவப்பெட்டி சேலில மலிவா வருமட்டும் கண்ணை மூடமாட்டார்' எண்டு. மிச்சம் ஆரிட்டக் கிடக்கு? எனக்கு அறியோணும்."

யோகமலர் போனை வைத்துவிட்டு வாழைப்பழப் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தார். தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கதவடியில் விநாயகமூர்த்தி, கூப்பன்களை எல்லா வீட்டுக்கும் கொடுத்து முடித்த திருப்தியோடு வந்து நின்றார்.

"என்ன தேடுறீர்?"

"என்ர நாடகத்தை."

"எந்த நாடகம்?"

"நீங்கள் வெட்டிக் குடுத்த நாடகம்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பிறகு, "போட்டோக்கொப்பி எடுத்து வைக்கேல்லையோ?" என்றார்.

"எடுத்திருந்தால் என்ன ஏச்சு விழுந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

அவர் உடனே அல்பத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். அவருடைய முழங்காலை நம்பாமல் நானும் போனேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, "உந்தத் துண்டைத் தாங்கோ, வேற அடிச்சுத் தாறன், இப்போதைக்கு இதை வைச்சிருங்கோ" என்று வேறு கூப்பன் கொடுத்து மாற்றினார். ஆனால் ஒருவரும் சும்மா கொடுக்கவில்லை. ஆளுக்காள் வாசித்துக் காட்ட, மாடி நடைபாதை முழுவதும் நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் வீட்டுத் துண்டில் சண்டை தொடங்க, எதிர்வீட்டுத் துண்டில் அது முடிந்தது.

பஸ்ரியன் அண்ணை கதவைத் திறக்கும்போதே துண்டும் கையுமாக நின்றார். நாடகத்தில் கணவன் வேடம் அவருக்குத்தான் என்று முன்னமே பேசியிருந்தது.

"வாசிக்காமல் தாங்கோ அண்ணை" என்றார் விநாயகமூர்த்தி.

"வாசிச்சிட்டன் தம்பி. 'தேத்தண்ணிப் பையைக் கொடியில காயப்போட்ட மனிசனை உலகத்தில வேற எங்க கண்டியள்?' எண்டு கிடக்கு. உம்மைத்தான் எழுதியிருக்கிறா."

"நான் ஒருநாளும் காயப்போடேல்லை."

"அப்ப கூப்பனும் வெட்டேல்லையோ?"

விநாயகமூர்த்தி துண்டை வாங்கி, எழுத்து உள்ளே போகும்படி மடித்து, சட்டைப்பைக்குள் வைத்தார். அடுத்த கதவுகளில் நான்தான் கேட்டு வாங்கினேன்.

சிலர் அன்றைக்கே துண்டோடு கடைக்குப் போய்விட்டிருந்தார்கள். மறுநாள் காலை நாங்களும் போனோம். கல்லாவில் ஸகியா இருந்தாள். புத்தளம் பக்கத்துப் பிள்ளை. இவரைக் கண்டால் வரிசை நகராது என்று தெரிந்தும் சிரிப்பவள்.

"அங்கிள், கூப்பன் எல்லாத்தையும் கவர்ல போட்டு மேலிடத்துக்கு அனுப்பியாச்சே. ஏன், கணக்குப் பிழையா?"

"இல்லை பிள்ளை. மனிசியின்ர நாடகம்."

ஸகியா யோசித்தாள். "அப்ப மேலிடத்துல சிரிப்பாங்க."

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் துண்டுகளைப் பரப்பினார். ஒட்டுவதற்கு எது எதோடு சேரும் என்று பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் வாசிக்க வேண்டும். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தாள்களைத் திருப்பி வைத்து எழுதிய பக்கத்தைப் படித்தார். ஒவ்வொரு துண்டாக, உதட்டை இறுக்கிக்கொண்டு. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் யோகமலர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஏற்கெனவே கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினார்.

"கணவன் கல்லாவில நிக்கிற கட்டத்தில ஒரு துண்டு இல்லை" என்றார் விநாயகமூர்த்தி கடைசியில்.

யோகமலர் திரும்பினார். "விடுங்கோ. சனிக்கிழமை போய் நாடகம் இல்லை எண்டு சொல்லிப்போடுறன். பாடுறவை இன்னும் ஒரு பாட்டு இழுக்கட்டும். சனம் எப்பிடியும் சாப்பாட்டுக்குத்தானே வருகுது."

பகிடியாகத்தான் சொன்னார். வலி கூடும்போது பகிடி விடுகிறவர்கள் பலரைக் குளிப்பாட்டியிருக்கிறேன். ஒரு வேலையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை தனக்கென்று செய்து முடித்த பெண். அது மேடை ஏறவேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை என்பது அந்தச் சட்டியின் பளபளப்பில் தெரிந்தது. கணவரை அவமானப்படுத்திக்கொண்டு ஏற்றமாட்டார் என்பதும் தெரிந்தது. விநாயகமூர்த்தி ஒட்டிய தாள்களை ஓரம் சரிபார்த்து அடுக்கி, மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். அன்று பின்னேரம் முழுவதும் பிறின்ரர் ஓடவே இல்லை.

சனிக்கிழமை ஒத்திகை எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில். யோகமலர் தாள்களைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, நிறுத்திவிட்டதாகச் சொல்லத்தான் வந்தார். பஸ்ரியன் அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியுமாக ஏற்கெனவே நடுவில் நின்றார். மனைவி வேடத்துக்குக் கிளடிஸ். நடைபாதையில் பாதி கேட்டவர்கள் மீதியைக் கேட்க வந்து கதிரைகளை நிறைத்திருந்தார்கள்.

"நிப்பாட்டுறதெண்டால் ஒருக்கா வாசிச்சுப்போட்டு நிப்பாட்டுவம்" என்று பஸ்ரியன் அண்ணை தாள்களைப் பறிக்காத குறையாக வாங்கினார்.

வாசிப்புத் தொடங்கிய பிறகுதான் விநாயகமூர்த்தி வந்தார். கதவோடு இருந்த கதிரையில், ஜாக்கெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். யோகமலர் அவரைக் கண்டதும் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார். அரங்கில் சிரிப்புக் கொஞ்சம் அடங்கியது. கிளடிஸ் மட்டும் ஒன்றும் கேட்காதவராய்ச் சவப்பெட்டி சேலில் வரும் வசனத்தை முழுக் குரலில் சொல்லி முடித்தார். பிறகு கல்லாக் கட்டம் வந்தது. கணவன் கூப்பனை நீட்டுகிறான், இயந்திரம் அதை எடுக்கவில்லை.

பஸ்ரியன் அண்ணை தாளைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார். "இவடம் ஒண்டும் இல்லை மலர். ஓட்டையாக் கிடக்கு. இவன் என்ன சொல்லுறான்?"

யோகமலருக்கு ஞாபகம் வரவில்லை. வந்தாலும் அந்த நேரத்தில் சொல்லியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஒருவரும் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் அங்கே இருந்தவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"'பிள்ளை, இன்னொருக்கா அடிச்சுப் பாருங்கோ'" என்றது கதவடியிலிருந்து ஒரு குரல். "'மிசினும் மனிசர் மாதிரித்தான். முதல்ல இல்லை எண்டுதான் சொல்லும்.'"

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. யோகமலர் பேனையைத் தேடி, என்னிடம் வாங்கினார். கணவரைப் பார்க்காமல், "இன்னொருக்காச் சொல்லுங்கோ, எழுதுறன்" என்றார். அவர் அதே வசனத்தை, சொல்வதெழுதல் வகுப்பில்போல் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பஸ்ரியன் அண்ணை கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு கல்லாவுக்கு முன்னால் மறுபடி வந்து நின்றார்.

"நில்லுங்கோ அண்ணை" என்று விநாயகமூர்த்தி எழுந்தார். "உந்தக் கோட்டோட ஒருத்தனும் சேலுக்குப் போகான்."

கதிரைகளுக்கு நடுவால் நடந்து வந்தார். அண்ணையின் கோட்டைத் தோளிலிருந்து இறக்கி ஒரு கதிரையில் போட்டார். கடைக்குப் போட்டுப்போகும் தன் ஜாக்கெட்டைக் கழற்றி, அவருடைய கைகளை ஒவ்வொன்றாக உள்ளே விடச்செய்து, அதன் பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த துணிப்பையின் காதை இன்னும் கொஞ்சம் வெளியே இழுத்துவிட்டு, ஜிப்பைத் தாடைவரை ஏற்றிவிட்டார்.