பட்டனை அமுக்கினால் திட்டக் கூடாது

எங்கள் வீட்டில் காலிங்பெல் பட்டன் வாசலில் இல்லை, கூடத்தில் இருந்தது. வெளியிலிருந்து வருபவர்கள் கேட்டைத் தட்டி, தொண்டை கிழியக் கூப்பிட்டு, நாயைச் சமாளித்து உள்ளே வந்து சேர்ந்தால், சமையலறைக் கதவுக்கும் டிவிக்கும் நடுவில், ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒரு சிவப்புப் பட்டனைப் பார்ப்பார்கள். அதற்கு மேலே ஒரு சிவப்பு பல்ப். அந்த ஒன்பது வயதுப் பெண் நான்தான். எனக்கு எட்டும்படி வைத்தது பெரிய தப்பு என்று அம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாட்டியவர் அப்பா. ஒரகடத்தில் லாரிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் லைன் லீடர். எங்கள் ஊரான வடக்குப்பட்டில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த மனிதர், கம்பெனிக்குப் போன பிறகு தும்மினால்கூடக் கம்பெனி முறைப்படிதான் தும்முவார். அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினார். வாசலில் மஞ்சள் பெயின்ட் அடித்துச் செருப்புக்குக் கட்டம் போட்டார். வண்டிக்கு ஒரு கட்டம், ஆட்டுக்கு ஒரு கட்டம். எங்கள் வீட்டில் அந்த ஒழுங்குக்கு அடங்காதது ஆடு ஒன்றுதான் என்று கொஞ்ச காலம் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவருடைய லைனில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு பட்டன் இருக்குமாம். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் அமுக்கலாம், நேற்றுச் சேர்ந்த டிரெய்னி பையன்கூட. விளக்கு எரியும், பாட்டு கேட்கும், லைன் நிற்கும், சூப்பர்வைசர் ஓடி வருவார். வருகிறவர் அமுக்கியவனைத் திட்டக் கூடாது. முதலில் நன்றி சொல்ல வேண்டும். பிறகு ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு ஏன். ஐந்தாவது ஏன் கேட்கும்போது கோளாறின் வேர் கையில் வந்துவிடும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. அப்பாவுக்கு அது வேதவாக்கு. குறை சொல்கிறவனுக்கு நன்றி சொல்கிற ஒரு இடத்தை அவர் நாற்பது வயதுக்கு மேல்தான் முதன்முதலாகப் பார்த்தார்.

அந்த முறை வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் அண்ணன். அவன் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான், அல்லது படித்துக்கொண்டிருப்பதாக நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓ.டி. முடிந்து கம்பெனி பஸ்ஸில் அப்பா வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அகலச் சாலையில் லாரி குறைவு. அப்போது ஒரு பையன் மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு, பின் சக்கரத்திலேயே பஸ்ஸுக்குப் பக்கத்தில் போனான். பஸ் முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. யாரோ விசில் அடித்தார்கள். அப்பாவும் எட்டிப் பார்த்தார். “யாரு பெத்த புள்ளையோ, இன்னா பேலன்ஸு” என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொன்னதைப் பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். பையன் பஸ்ஸைத் தாண்டியதும் அவன் முதுகு தெரிந்தது. ‘பாதுகாப்பே நம் முதல் கடமை’ என்று எழுதிய டி‑ஷர்ட். கம்பெனியின் பாதுகாப்பு வாரத்தில் நடந்த வினாடி வினாவில் அப்பாவுக்குப் பரிசாகக் கிடைத்தது அது. வண்டியும் அப்பாவுடையது. யார் பெற்ற பிள்ளை என்பதும் அதோடு விளங்கிவிட்டது.

அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியங்களை அம்மா செய்தாள். துடைப்பத்தை எடுத்தாள், அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள், கடைசியில் குன்றத்தூர் முருகனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டாள். மொட்டை அண்ணனுக்கு. அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவும் கையை ஓங்கினார். ஆனால் அந்த வாரம்தான் கம்பெனிக்குக் கவுன்சிலிங் தரும் ஒரு மேடம் வந்து லைன் லீடர்களை உட்கார வைத்துப் பேசியிருந்தார். வயசுப் பையன்களைத் திட்டினால் தப்பை நிறுத்த மாட்டார்கள், மறைக்கக் கற்றுக்கொள்வார்கள், அவர்கள் வந்து சொல்வதற்கு ஒரு வழி திறந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை அப்பா நோட்டில் எழுதி வைத்திருந்தார். நோட்டில் எழுதியதை அப்பா மீறமாட்டார். ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரும்போது அந்தக் காலிங்பெல்லை வாங்கி வந்தார். அமுக்கினால் குருவி கத்தும். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி அதற்குக் கீழே ஒட்டினார். வீட்டில் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் அமுக்கலாம். அமுக்கினால் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வர வேண்டும். அமுக்கியவரைத் திட்டக் கூடாது. இதையெல்லாம் அண்ணனைப் பார்க்காமல் படித்துக் காட்டினார். யாருக்காகப் படித்தாரோ அவன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ தலைகால் புரியவில்லை. என் பிறந்தநாளுக்குக்கூட அப்படி ஒரு பொருள் வீட்டுக்கு வந்ததில்லை.

முதல் வாரம் குருவிக்கு ஓய்வே இல்லை. ரப்பர் தொலைந்ததற்கு அமுக்கினேன். அண்ணன் ரிமோட்டைத் தராததற்கு அமுக்கினேன். அப்பா தலையில் சோப்பு நுரையோடு ஓடி வந்து, “தேங்க்ஸ்மா, இன்னா பிரச்ன?” என்று கேட்பார். பீட்ரூட் பொரியலுக்காக அமுக்கியபோது முறைப்படி ஐந்து ஏன் கேட்டார். வாரத்தில் மூன்று நாள் பீட்ரூட் ஏன், வீட்டில் வேறு காய் ஏன் இல்லை என்று போய்க்கொண்டே இருந்த விசாரணை, சந்தையில் பேரம் பேசத் தெரியாத ஒருவர் கூடை நிறைய பீட்ரூட்டைத் தூக்கி வந்ததில் போய் நின்றது. அந்த வேரைப் பிடுங்க முடியாது, ஏனென்றால் அவர்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா ஈரத்துண்டு கட்டிலில் கிடந்ததற்கு அமுக்கினாள். அதுவும் அப்பாவில் போய் நின்றது. பக்கத்து வீட்டு அத்தை குருவிச் சத்தம் கேட்டதும் முறத்தோடு வந்து உட்கார ஆரம்பித்தாள். நாலைந்து நாள் வேடிக்கை பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரர் பேச்சு சரியில்லை என்று அவளே ஒருதரம் அமுக்கிவிட்டாள்.

அண்ணன் மட்டும் அமுக்கவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டைத் தாண்டுவதுபோல் அந்தச் சுவரைத் தாண்டிப் போனான். அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்ததும் டிபன் பாக்ஸை வைத்துவிட்டு என்னிடம் ரகசியமாகக் கேட்பார், “அண்ணன் அமுக்குனானா?” இல்லை என்பேன். நான் எத்தனை தடவை அமுக்கினேன் என்பதைச் சொல்வேன். அவர் அதைக் கேட்டதாகவே தெரியாது.

அண்ணனிடம் மாற்றங்கள் இருந்தது எனக்கும் தெரிந்தது. என் மிக்சரைப் பிடுங்கித் தின்பதை நிறுத்தியிருந்தான். என் சடையை இழுப்பதில்லை. எது கேட்டாலும் சரி என்றான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான், அவன் தட்டில் இருந்த அப்பளம் எனக்குக் கிடைத்தது. அண்ணன் திருந்திவிட்டான் என்று பக்கத்து வீட்டு அத்தையிடம் நான்தான் சொன்னேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவுக்கு ஓ.டி. இல்லை. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் சாய்ந்திருந்த நேரத்தில் அண்ணன் சத்தமில்லாமல் வண்டியைக் கட்டத்திலிருந்து வெளியே தள்ளினான். நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறி உட்கார்ந்தேன். இறங்கு என்றான். முன்பெல்லாம் கேட்காமலே ஏற்றிக்கொண்டு போவான். எனக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளே ஓடி, விரலை எடுக்காமல் அமுக்கினேன். குருவி விடாமல் கத்தியது. அப்பா லுங்கியைக் கட்டிக்கொண்டே வந்தார். அம்மா வந்தாள். விதி விதிதான் என்பதால் அண்ணனும் வண்டியை நிறுத்திவிட்டு வந்து நின்றான். அத்தை அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், அது ஒரு நல்ல காரியம்.

அப்பா கம்பெனியிலிருந்து கொண்டு வந்த விசாரணை பாரத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். என் புகாரை எழுதிக்கொண்டு அண்ணனைக் கேட்டார்.

“பாப்பாவ ஏன் கூட்டிக்கினு போவல?”

“அவ பின்னால கீறப்ப வண்டிய தூக்க முடியாது. வுழுந்துடுவா.”

அம்மா வாயைத் திறந்தாள். அப்பா காலண்டர் தாளைக் காட்டினார். மூடிக்கொண்டாள்.

“செரி. ஏன் தூக்கணும்?”

“தூக்கறப்பதான் மண்டைக்குள்ள ஓடறதெல்லாம் நிக்குது.”

“இன்னா ஓடுது? ஏன் ஓடுது?”

இது இரண்டு கேள்வி, ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்று நான் விரலை மடக்கினேன்.

“அரையாண்டுல மூணு பாடம் பூடுச்சு. ரேங்க் கார்டுல உன் கையெழுத்த நானே போட்டேன்.”

அம்மா முந்தானையை வாயில் வைத்துக் கடித்தாள். அப்பா எழுதுவதை நிறுத்தவில்லை. ‘கையெழுத்து’ என்று எழுதி, அதற்குக் கீழே கோடுகூடப் போட்டார்.

“ஏன் எங்கையில சொல்லல?”

“சொன்னா மட்டும் இன்னா. நான் ஒண்ணுத்துக்கும் ஒதவாதவன்னு எனக்கே தெரியுது.”

நான்கு முடிந்தது. அப்பா ஐந்தாவதை உடனே கேட்கவில்லை.

“ஏன்பா அப்டி நெனைக்கற?”

அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னான். “தெரியலபா. கொஞ்ச நாளா அப்டித்தான் கீது. வண்டி மேல போவறப்போ, கீழ எறங்காட்டியும் பரவால்லன்னு தோணுது.”

ஐந்து ஏன் முடிந்துவிட்டது. பாரத்தில் மேற்கொண்டு மூன்று கட்டங்கள் இருந்தன: வேர்க்காரணம், பொறுப்பாளர், முடிக்கும் தேதி. அப்பா பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்க்காரணத்தை விட்டுவிட்டார். பொறுப்பாளர் என்ற இடத்தில் ‘அப்பா’ என்று எழுதினார். தேதியை எழுதப் பேனாவை வைத்தார், எழுதவில்லை. பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்துபோய் அண்ணனின் தலையைப் பிடித்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். அவர்கள் இருவரும் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. “தேங்க்ஸ்பா, சொன்னியே, தேங்க்ஸ்பா” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு இது அநியாயமாகப் பட்டது. பட்டனை அமுக்கியது நான். நன்றி எனக்கு வர வேண்டியது. அதோடு, என்னை ஏன் வண்டியில் ஏற்றவில்லை என்ற புகார் அப்படியே கிடக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னேன். அண்ணன் அப்பாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் அழுகையாகப் போய்விட்டது. அம்மா என்னை இழுத்துத் தன் மடியில் போட்டு இறுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது. அதற்கும் பட்டன் அமுக்கலாமா என்று யோசித்தேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் அப்பாவும் அண்ணனும் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று அப்பா அந்தக் கவுன்சிலிங் மேடத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். கண் டாக்டரைப் பார்க்க என்று என்னிடம் சொன்னார்கள். இத்தனை வாரம் கண்ணைப் பார்த்தும் ஒரு கண்ணாடி தரத் தெரியாத டாக்டர் என்ன டாக்டர் என்று நான் கேட்டேன். அப்பா வண்டிச் சாவியை டிபன் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நைட் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, கூடத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தார். ஃபேன் காற்றுக்காக என்றார். பொதுத்தேர்விலும் கோட்டைவிட்ட அந்த மூன்று பாடத்தையும் அண்ணன் மறுவருஷம் எழுதித் தேறினான். இப்போது அவன் அதே சாலையில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான். நாற்பதுக்கு மேல் போகமாட்டான். ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று பஸ்ஸில் இருப்பவர்கள் அவனைத் திட்டுவது எங்கள் வீடுவரை கேட்கும்.

அந்த வருஷத்தில் எனக்கு நேர்ந்த பெரிய கஷ்டம் வேறு. நான் எங்கே கிளம்பினாலும் அண்ணனையும் சேர்த்து அனுப்பினார்கள். பால் வாங்க, டியூஷனுக்கு, மாவு மில்லுக்கு, ஏரிக்கரைக்கு, எல்லாவற்றுக்கும் “அண்ணங்கூட போய்ட்டு வா, அவன வுட்டுட்டு வந்துடாத” என்பாள் அம்மா. அவன் சும்மா மாடிக்குப் போனாலும், போய் அவனிடம் கணக்குக் கேட்டுக்கொள் என்று என்னை விரட்டுவாள். ரோட்டில் லாரி நடமாட்டம் கூடிவிட்டது, அதனால் எனக்குக் காவல் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கூடப் படிக்கும் பெண்கள் எல்லாம் தனியாக வர, என் பின்னால் மட்டும் மீசை முளைத்த ஒருவன் நடந்து வருவது மானக்கேடாக இருந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாவு மில்லுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டேன். எனக்கு ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது, துணைக்கு யாரும் தேவையில்லை, நீ வீட்டுக்குப் போ என்றேன். அரிசித் தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான் அண்ணன்.

“செரி பாப்பா,” என்றான். “இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் வர்றேன்.”

மறுநாளும் அதையேதான் சொன்னான். அதற்கு அடுத்த நாளும். யாருக்கு யாரைத் துணையாக அனுப்பினார்கள் என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷங்கள் ஆயின. அவனுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.