கடைசி அத்தியாயத்தை நான் மாற்றி வாசித்த கதை

நான் ஒரு கல்யாணத்தை மாற்றி வைத்தவள். காகிதத்தில் நடந்த கல்யாணம்தான். ஆனாலும் பேகம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் பல வருஷம் நான் செய்துவைத்ததையே உண்மை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து திண்டுக்கல் பேகம்பூருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். எட்டாவது வரை படித்திருந்தேன். எட்டாவது படித்தவளுக்கு என்ன திமிர் இருக்குமோ அது எனக்கு இரண்டு மடங்கு இருந்தது. மாமி, அதாவது மாமியார், குர்ஆனை அழகாக ஓதுவார், தமிழ் எழுத்துத் தெரியாது. மதினிக்கும் அப்படித்தான். அதனால் வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாசித்துக் காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே ஓடிப்போய்த் தலையைக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் சாப்பிட்டு எழுந்ததும், பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குத் தொண்டையைச் செருமிக்கொள்ளவே ஐந்து நிமிஷம் ஆகும்.

பத்திரிகை வாங்கி வருவது என் வீட்டுக்காரர். தோல் பதனிடும் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கும் வேலை அவருக்கு. நாள் முழுக்கத் தோலைத் தடவித் தடவிப் பார்க்கிற மனுஷர், வீட்டுக்கு வந்தால் 'சோறு', 'தண்ணி', 'போயிட்டு வாரேன்', இவ்வளவுதான் பேச்சு. தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றி எடுத்து வாராவாரம் சேர்த்து வைப்பார். கதை முடிந்ததும் குத்தூசியும் மெழுகு நூலும் கொண்டு தைத்து, கழித்துப்போட்ட ஆட்டுத்தோலில் அட்டை போட்டுக் கொடுப்பார். தைப்பதற்கு முன்னால் வாசிப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வருஷம் வந்த கதையில் ஒரு டீச்சர். அவளோடு சின்ன வயதிலிருந்தே சிநேகமாக இருந்த ஒருத்தன், அதே பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். மூன்றாவதாக ஓர் எஸ்டேட்காரர். உயரம், கறுப்புக் கண்ணாடி, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். அவர் ஏன் மலையைப் பார்க்கிறார் என்று கதை எழுதியவரும் கடைசிவரை சொல்லவில்லை.

இவளை டிராயிங் வாத்தியாருக்குத்தான் கட்ட வேண்டும் என்று நான் முதல் மாதமே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். காரணத்தையும் வாராவாரம் அடுக்கினேன். அவளுக்குக் கத்திரிக்காய் ஆகாது என்பது அவனுக்குத் தெரியும். அவளுக்குக் கோபம் வந்தால் எத்தனை நாள் நிற்கும், எதைச் சொன்னால் இறங்கும் என்பதும் தெரியும். ஒருநாள் மழையில் பஸ் வராமல் இரண்டு மணி நேரம் ஒரே குடையில் நின்றபோது, தலைமையாசிரியரைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டே நின்றார்கள். எஸ்டேட்காரர் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு போன அன்று கொடைக்கானல் போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. "கட்டிக்கிட்டா ஆயுசு முழுக்கப் பேசணுமில்லீங்க, மலையைப் பாத்துக்கிட்டே குடும்பம் நடத்த முடியுமுங்களா?" என்று நான் கேட்பேன். என் கொங்குப் பேச்சின் '-ங்க'வைக் கேட்டே பாதிப் பேர் சிரிப்பார்கள். நானோ என் சாமர்த்தியத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசி வாரம் வந்தது. வாசிக்க ஆரம்பித்து அரைப் பக்கம் போவதற்குள் கண் கீழே ஓடிவிட்டது. கதை எழுதின பாவி மனுஷன், எஸ்டேட்காரருக்கே அவளைக் கட்டிவைத்துவிட்டார். டிராயிங் வாத்தியார் பந்தலில் வாழைமரம் கட்டுகிறான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். குரல் மாறாமல், பக்கத்தைப் பார்த்தபடியே, அவள் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு டிராயிங் வாத்தியாரிடம் வந்து நின்றதாக வாசித்தேன். எஸ்டேட்காரரை மலைக்கே அனுப்பிவிட்டேன். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமி, "இதுதான் நாயம்" என்றார்.

மாமியின் சந்தோஷம்தான் வினையாகப் போயிற்று. மறுநாள் மகனுக்குச் சோறு போடும்போது, வாத்தியாருக்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று ஆதியோடு அந்தமாகச் சொன்னார். சீக்கிரம் தைத்துக் கொடு, அடுத்த தெருவில் ஒரு புதுப்பெண் பத்தாவது படித்தவளாம், அவள் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். அந்தப் பெண் வாசித்துக் காட்டினால் தெருவே என்னைக் காறித் துப்பும், பிறகு மாமி முன்னால் எந்த முகத்தோடு நடமாடுவேன்? என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, மனுஷர் வாசித்திருக்கிறார்.

"ஆமாம்மா, வாத்தியாருக்குத்தான்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஷாப் லீவு, காலையில் முற்றத்தில் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். மாமி பக்கத்து வீட்டுக்கும் மதினி குளிக்கவும் போயிருந்தார்கள். என்ன திட்டப் போகிறாரோ என்று போய் நின்றேன்.

"எதுக்கு மாத்துன?" என்றார்.

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருந்தாங்க. அதானுங்க."

நூலைக் குத்தூசியில் சுற்றினார், அவிழ்த்தார். "நானும் அந்த எஸ்டேட்காரன் மாதிரிதான. பேச வராது."

இத்தனை மாதமாக வாராவாரம் நான் அடுக்கிய காரணங்களை எல்லாம், பக்கத்து அறையில் கண்ணை மூடிப் படுத்திருந்த இந்த மனுஷர் தன் கணக்கில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அப்படியில்லை என்று சொன்னால் அது பொய்யாக இருந்திருக்கும். சில வாரம் அவரை நினைத்துக்கொண்டுதான் மலையைத் திட்டினேன்.

அவர் கோடு போட்ட நாலு தாளை எடுத்து நீட்டினார். "நீ வாசிச்சத அப்படியே எழுதிக் குடு. கடைசியில சேத்துத் தச்சிருறேன். அச்சடிச்ச பக்கம் கிழிஞ்சு போச்சு, அதான் எழுதி வச்சோம்னு சொல்லிக்கலாம்."

பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதினேன். அவர் தைத்தார். நடுவில், அந்த வாத்தியார் மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்திவிடுவானா என்று கேட்டார். நடத்துவான் என்றேன். எப்படி என்றார். அன்றைக்கு ஜும்மாவுக்கு அவர் கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தார்.

புத்தகம் தெருவெல்லாம் சுற்றியது. பத்தாவது படித்த பெண்ணும் என் கையெழுத்தைப் புகழ்ந்தாளே தவிர, சந்தேகப்படவில்லை. அறுபதுகளின் நடுவில், முதுகு பிய்ந்துபோய் அது வீட்டுக்குத் திரும்பி வந்தது. அவர் தைக்க வசதியாக இருக்கட்டும் என்று பழைய தையலை நான் பிரித்தேன். பின்னட்டைத் தோலுக்கு உள்ளே இரண்டாக மடித்த காகிதம் இருந்தது. அச்சடித்த கடைசி அத்தியாயம். எஸ்டேட்காரருக்கு அவள் மாலை போடுகிற பக்கம்.

ஷாப்பிலிருந்து வந்தவரிடம் நீட்டினேன். வெட்கத்தில் அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"கிழிச்சுப் போட மனசு வரல" என்றார். "அவனும் பாவம்தான. பேச வராதவனுக்கும் ஒருத்தி கெடச்சான்னு எங்கயாச்சும் இருக்கட்டுமேன்னு வச்சேன்."

நான் அதை இருந்தபடியே மடித்து, தோலுக்குள் வைத்து, தைக்கச் சொல்லிக் கொடுத்தேன்.