ஸ்வெட்டருக்குப் பத்துக் கழிவு

ரத்த அழுத்தம் பார்க்கும்போது பட்டையை வெறும் கையில்தான் சுற்ற வேண்டும். இது விதி. மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். விதி எங்கே எழுதியிருந்தாலும் படித்துவிடுவேன். குன்னூரில் எங்கள் குடும்ப மருத்துவரோ ஸ்வெட்டரின் மேலேயே சுற்றுவார். அளவு எகிறினால் அதற்கும் வழி வைத்திருந்தார்.

"ஸ்வெட்டருக்குப் பத்துக் கழிச்சுக்கலாமுங்க. இந்தக் குளிர்ல கழட்டச் சொன்னா ரெண்டு நோயாப் போயிரும்."

அந்த வருடம் என் முகம் தட்டுபோல் வட்டமானது. கன்னங்கள் சிவந்தன. சமவெளியில் யாராவது பயந்திருப்பார்கள். இங்கே சிவந்த கன்னம் என்றால் ஆரோக்கியம். "ரிட்டயர் ஆனதும் பூசுனாப்ல ஆயிட்டீங்க, மேடம்" என்று கடைத்தெருவே வாழ்த்தியது. கைகால் குச்சியானதையும், லேசாக இடித்த இடமெல்லாம் கன்றிப்போனதையும், வயிற்றில் ஓடிய ஊதா வரிகளையும் கம்பளி பத்திரமாக மூடி வைத்தது. தாடையில் முளைத்த முடியை மஃப்ளர் பார்த்துக்கொண்டது.

ஒரு ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டவளால் எழ முடியவில்லை. தொடைகளில் பலமே இல்லை. எல்லோரும் எழுந்தார்கள், பாடினார்கள், வீட்டுக்குப் போனார்கள். கணவர் குனிந்து கிசுகிசுத்தார்.

"போதும், எந்திரி. கடவுளுக்கு வேற வேலை இருக்குது."

"தூக்கி விடுங்க."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"அதத்தான் இவ்வளவு நேரம் செபம் பண்ணிட்டிருந்தேன்."

அடுத்த வாரம் மறையுரையில், பூசை முடிந்தும் எழ மனமில்லாத ஒரு சகோதரியைப் பங்குத்தந்தை புகழ்ந்தார். மனம் இருந்தது. தசைதான் இல்லை.

குடும்ப மருத்துவர் வெளியூர் போயிருந்தபோது அவர் நாற்காலியில் ஓர் இளம் பெண் மருத்துவர் இருந்தார்.

"ஸ்வெட்டரக் கழட்டுங்கம்மா."

"பத்துக் கழிச்சுக்கலாமே" என்று நடைமுறையை எடுத்துச் சொன்னேன்.

"கழட்டுங்கம்மா."

கழற்றினேன். என் கைகளையும், பிடரிக்குக் கீழே திரண்டிருந்த திமிலையும் வெகுநேரம் பார்த்தார். என் கன்னத்தை வாழ்த்தாத முதல் ஆள் அவர்தான்.

அவர் அனுப்பிய கோவை மருத்துவமனையில் கண்டுபிடித்தார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி. முகத்தை வட்டமாக்கித் தசையைக் கரைக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனை விடுப்பே எடுக்காமல் சுரந்துகொண்டிருந்தது. பணிக்காலம் முழுக்க அலுவலகத்தில் தேடியும் கிடைக்காத உழைப்பாளி என் வயிற்றுக்குள்ளேயே இருந்திருக்கிறார்.

கட்டியை அறுத்தெடுத்தார்கள். அது புற்றா இல்லையா என்பதில் ஆய்வகத்துக்குச் சந்தேகம். இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பதில் வரவில்லை. நினைவூட்டல் கடிதம் எழுதுவதில் மாவட்டத்திலேயே எனக்கு இணை கிடையாது. இதற்கு மட்டும் எழுதக் கை வரவில்லை. தொலைபேசி அடித்தால் கணவரைத்தான் எடுக்கச் சொன்னேன்.

நீ மண்தான் என்று நினைவூட்டி நெற்றியில் சாம்பல் பூசிக் கோவிலிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கணவரின் தோளைப் பிடித்தபடி வாசல் படியேறும்போது அவர் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் கேட்டுவிட்டு, என்னைப் படியிலேயே உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார்.

"புத்து இல்லையாம்."

அன்று திருநீற்றுப் புதன்.