கேட்காமல் எழுதிய முதல் பக்கம்

போர் முடிந்த சில ஆண்டுகளில், இலங்கையின் புத்தளம் கரையோரத்து மீனவ ஊரான உடப்பில் ஒரு சமூகக் கற்றல் நிலையம் தொடங்குவதற்கான வணிகத் திட்டத்தை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எப்படியாவது நிதியுதவி கிடைக்க வேண்டும் என்ற அவசரத்தில், "இங்குள்ள பெற்றோருக்குக் கல்வியில் அக்கறை இல்லை" என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டேன்.

ஊர்க் கூட்டத்தில் அதை வாசித்தபோது, கருவாடு விற்கும் செல்வராணி அக்கா எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"எந்த வீட்டில கேட்டனீங்க, மிஸ்?"

"ஒரு வீட்டிலயும் கேக்கேல்ல அக்கா," என்றேன்.

"அப்ப வாங்க, கேட்டுப் பாப்பம்."

அன்று பின்னேரம் இருவரும் வீடு வீடாகப் போனோம். மூன்றாம் வீட்டில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெரியாக்களுக்கும் படிப்பிப்பீங்களோ? நான் சிங்களம் கதைப்பன். ஆனா அரசாங்கக் கந்தோர்ல இருந்து சிங்களத்தில கடிதம் வந்தா, வாசிக்க ஆரையாவது தேடித் திரியோணும்."

இப்படியொரு தேவை என் எண்ணத்தில் வந்ததே இல்லை. அடுத்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற ஆவலில் இருட்டும்வரை நடந்தேன்.

திட்டத்தைப் புதிதாக எழுதினேன். நிலையம் திறந்தபோது, பெரியவர்களுக்கான சிங்கள எழுத்து வகுப்பில்தான் உட்காரக் கதிரைகள் போதவில்லை.

நான் பொய் எழுதியதைவிட, அந்த மனிதர்களைப் பற்றி அறியும் ஆசையே இல்லாமல் எழுதியதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.